புதுப்பிப்பு: மிக்மா மரியாதைப் பாடல், இப்போதைய நிலை
கனடாவின் கிழக்குக் கரைப் பழங்குடியான மிக்மா மக்களின் மொழியில் உள்ள மரியாதைப் பாடலைக் கற்க முதலில் முரசு வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம், தொடையில் தட்டியே பழகலாம். சீரான அடிதான். வேலை வாங்குவது வாய்! ரோமன் எழுத்தில் எழுதும் அந்த மொழியில் 'க்யூ' (q) வந்தால் ஒலி தொண்டையின் அடியிலிருந்து உரசிக்கொண்டு வர வேண்டும். உயிரெழுத்தை அடுத்து வரும் ஒற்றை மேற்கோள் குறியைப் (') பார்த்து நிறுத்திவிடாதீர்கள், அது நெடில். குறில், நெடிலில் ஊறிய நமக்கு இது லாபம்தான்.

பாடல் எவ்வளவு பழசு என்று கேட்டவருக்கு: கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பால் இயற்றியது, அவர் நம் காலத்தவர்தான்.

அப்புறம், அடுத்தது கோஜுவா, மிக்மா மக்களின் ஆட்டப் பாட்டு. அதற்கு முரசும் வேண்டாம். ஆஷ் மரத்தைப் பிளந்து கட்டி, உள்ளங்கையில் அடிக்கும் ஜிக்மகன் என்ற தாளக்கருவி போதும். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.