‘தொலைகண்காணிப்பு’ சரிதானா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்கான கையேடு நான்கு மொழிகளிலும் வருகிறது. தமிழ்ப் பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரவில் 8 முதல் 10 மணி நேரம் இயந்திரம் ஓடி முடிந்ததும், எவ்வளவு திரவம் உள்ளே போனது, எவ்வளவு வடிந்தது, எத்தனை முறை அலாரம் அடித்தது என்ற விவரமெல்லாம் தாதிக்குப் போய்விடும். காலையில் அவர் பார்த்து, தேவையென்றால் அழைப்பார். இந்த ‘remote monitoring’ ஏற்பாட்டைத் ‘தொலைகண்காணிப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ஒப்புதானா?

———
தம்பி, ‘கண்காணி’ வேண்டாம். மலாயாத் தோட்டங்களில் அதுதான் கூலியாட்களை மேய்த்து வேலை வாங்கிய ‘கங்காணி’ ஆயிற்று. அந்தக் குடும்பங்களில் பிறந்தவர்கள்தாம் இன்று நோயாளிகள். விருந்தோம்பல் என்கிறோமே, அந்த ‘ஓம்பல்’ தாதியர் பணிக்கு எவ்வளவு பொருத்தம்! ‘சேய்மையோம்பல்’ என்று வையுங்கள். அப்படியே டயாலிசிஸையும் ‘கூழ்மப்பிரிப்பு’ ஆக்கலாம். 1861-இல் வேதியியலாளர் தாமஸ் கிரகாம் கூழ்மத்தை (colloid) பிரித்தெடுக்கத்தானே அச்சொல்லை ஆண்டார்?

———
ஐயா, ‘சேய்’ என்றதும் தாய்சேய் நலம்தான் நினைவுக்கு வரும். டயாலிசிஸ் என்பது நோயாளியே சொல்லும் சொல், அதை விட்டுவிடுவோம்.

———
எனக்கு வேறு கவலை. ‘கண்காணிப்பு’ என்றால் இரவெல்லாம் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பிவிடுவார்கள். அலாரம் அடித்தால் நோயாளிதான் எழுந்து, குழாய் உடம்புக்கடியில் மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிவது சில இரவுகளாகக் குறைந்தால் தாதி முதலில் கேட்பது மலச்சிக்கல் உண்டா என்றுதான். குடல் நிறைந்தால் வயிற்றுக்குள் இருக்கும் குழாய் நகர்ந்து அடைபடலாம். இதற்கெல்லாம் எண்களில் அறிகுறி தெரியும். கிருமித்தொற்றை அப்படிக் கண்டுபிடிக்க முடியாது! வடிந்த பையை அச்சடித்த தாளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாத அளவுக்குக் கலங்கலாக இருந்தால் தாதி அழைக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே அழைத்துவிட்டு, அந்தப் பையை எறியாமல் கையோடு எடுத்து வர வேண்டும். ஆகவே ‘தொலைவழிச் சரிபார்ப்பு’ என்கிறேன்.

———
அக்கா சொல்வது நியாயம். ஆனால் ‘சரிபார்ப்பு’ என்றால் கணக்கு வாசனை. சொல்லை மாற்றுவதைவிட விளக்கம் சேர்ப்பது நல்லது.

———
இதுவரை மூவர் ‘தொலைகண்காணிப்பு’ பக்கம், எனக்கும் நேரமில்லை. அதையே வைத்து, அடியில் ‘இரவில் யாரும் நேரடியாகப் பார்ப்பதில்லை, பை கலங்கினால் உடனே அழையுங்கள்’ என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

———
அந்த வரி அவசியம், தம்பி. கங்காணி குறித்த என் மறுப்பு அப்படியே நிற்கிறது. ஓம்பல் கடினம் என்றால், அடுத்த பதிப்புக்கு ‘தொலைக்கவனிப்பு’ என்பதையாவது எண்ணிப் பாருங்கள்.