எம்.இ.ஏ. தரவில் ஷாப் வரிசை நிலையாக நிற்கவில்லை, உதவி தேவை

வணக்கம். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நியூரான்களின் மின்துடிப்புகளை எம்.இ.ஏ.வில் (பல மின்முனைகள் பதித்த தட்டு) பதிகிறோம். 48 குழித் தட்டு, குழிக்கு 16 மின்முனை, 12.5 கிலோஹெர்ட்ஸ் பதிவு. 200 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, இரைச்சலின் 6 மடங்கைத் தாண்டுவதை ஸ்பைக் (நியூரானின் ஒரு மின்துடிப்பு) என்று எடுக்கிறோம். இரைச்சலுக்குத் திட்டவிலக்கம் வேண்டாம். சிக்னலின் தனிமதிப்புகளுடைய (கூட்டல் கழித்தல் குறி நீக்கிய மதிப்புகள்) இடைநிலையை 0.6745 ஆல் வகுத்தால் போதும். இல்லாவிட்டால், சுறுசுறுப்பான மின்முனையில் ஸ்பைக்குகளே வரம்பை உயர்த்திவிடும்.

ஸ்பைக் வீதம், பர்ஸ்ட் (ஸ்பைக்குகள் நெருக்கமாகக் குவிந்து வருவது) வீதம், பர்ஸ்ட் நீளம், ஒத்திசைவு ஆகியவற்றை வைத்து, மருந்து போட்ட குழியா இல்லையா என்று ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்த மாடல்) பிரிக்கிறது. குழிகளைக் கலந்து சோதித்தால் துல்லியம் பிரமாதம். ஒரு தட்டை முழுதாக ஒதுக்கிவைத்தால் சரிந்துவிடுகிறது. அதாவது மாடல் மருந்தைக் கற்கவில்லை, தட்டைக் கற்றிருக்கிறது! மருந்துக்கு முந்தைய பதிவால் வகுத்து மடக்கை எடுத்ததில் பாதி சரியானது.

மீதிச் சிக்கல் இதுதான். சோதனைக்காகத் தரவைப் பிரிக்கும் ஒவ்வொரு மடிப்பிலும், ஷாப் (ஒவ்வொரு அம்சமும் கணிப்புக்கு எவ்வளவு பங்களிக்கிறது என்று அளக்கும் முறை) தரும் முதலிடம் ஸ்பைக் வீதத்துக்கும் பர்ஸ்ட் வீதத்துக்கும் மாறி மாறிப் போகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் மதிப்பு இரண்டுக்கும் பங்காகிறது. பெர்முட்டேஷன் முறை (ஒரு அம்சத்தின் மதிப்புகளைக் கலைத்து, துல்லியம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது) இன்னும் மோசம்: ஒன்றைக் கலைத்தால் மற்றது ஈடுகட்டுகிறது, இரண்டுமே உதவாதவை போலத் தெரிகின்றன.

ஸ்பியர்மன் தொடர்பு (தரவரிசைகளை ஒப்பிட்டு அளக்கும் தொடர்பு) வைத்து அம்சங்களைக் குழுவாக்கி, குழுவுக்கு ஒன்றை மட்டும் வைப்பதா, அல்லது குழுவின் ஷாப் மதிப்புகளைக் கூட்டுவதா? எது உங்களுக்கு நிலையாக வந்தது?

இன்னொன்று. பர்ஸ்ட்டே இல்லாத குழியில் பர்ஸ்ட் நீளம் காலி. பூஜ்யம் போட்டால் மாடல் அதை மிகக் குறுகிய பர்ஸ்ட் என்று படிக்கிறது. 'பர்ஸ்ட் உண்டா' என்று தனிப் பத்தி சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.