தாய்லாந்துல குழந்தைகள் தினம்: எங்க தெருவுல இருக்கிற பிள்ளைங்களுக்கு என்ன செய்யலாம்? (அவசரம்)

புதுசா வந்தவள்: எல்லாருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை இங்க குழந்தைகள் தினமாம். பக்கத்து வீட்டம்மா நம்மளையும் ஏதாவது செய்யச் சொன்னாங்க, சரின்னு தலையாட்டிட்டேன். தாய்லாந்து மொழி தெரியாது. என்ன வாங்கணும், எவ்வளவு வாங்கணும்? ராத்திரி தூக்கமே வரல.

பாங்காக் அண்ணன்: ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, 1965-லிருந்து அப்படித்தான்மா. 'வான் டெக்'னு சொல்வாங்க. பிள்ளைங்களை டான் முவாங் விமானப்படைத் தளத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அரசு மாளிகையில பிரதமர் நாற்காலியில உட்கார்ந்து படம் எடுக்க விடுவாங்க. வரிசை நீளம், விடிஞ்சதும் கிளம்பிடுங்க.

மீனா அக்கா: அவங்க கேட்டது தெருப் பிள்ளைங்களுக்கு, தம்பி. எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க, என்ன வயசுன்னு சொல்லும்மா. பொதுவா நோட்டு, பென்சில், கலர் பென்சில் வாங்கிடு. வீணாகாது.

ரயோங் குமார்: நோட்டு வேண்டாங்க. பள்ளிக்கூடமும் ஊராட்சி ஆபீசும் அதையேதான் கொடுக்கும். பிள்ளைங்க ஒரே காலையில நாலு இடம் போய் வரும், பையில நோட்டு குவிஞ்சு கிடக்கும். ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கிட்ட ஒரு தொகை பேசி வண்டியை மொத்தமா எடுத்துடுங்க. இங்க அது வழக்கம்தான்.

மீனா அக்கா: ஏற்கெனவே அன்னைக்கு முழுக்க சர்க்கரைதான். பால், மிட்டாய், கலர் தண்ணி. பத்தாததுக்கு சாயங்காலமே உடையற பிளாஸ்டிக் பொம்மை வேற.

பாங்காக் அண்ணன்: இப்பல்லாம் எல்லா இடத்துலயும் அதுதான். கடையில விலையும் ஏத்திடுறான்.

புதுசா வந்தவள்: மன்னிக்கணும், ஊர் சொல்லல. ஸ்ரீராச்சா. முப்பது பிள்ளைங்க இருக்கும், மூணு வயசுலேர்ந்து பன்னிரண்டு வரை.

செல்வி, சோன்புரி: அப்ப இப்படிப் பண்ணும்மா. முப்பதுன்னா நாற்பதுக்கு வாங்கு. தம்பி தங்கச்சி, அடுத்த தெருப் பிள்ளைங்கன்னு கூட்டம் சேரும். ஒரு பிள்ளை வெறுங்கையோட நின்னா மனசு தாங்காது. மாக்ரோ மொத்தக் கடையில சின்னப் பால் டப்பா பெட்டியா கிடைக்கும். சாக்லேட் வேண்டாம், பத்து மணி வெயில்லயே உருகிடும். ஜெல்லி மிட்டாயில ஜெலட்டின் இருக்கும். முஸ்லிம் பிள்ளைங்க இருந்தா ஹலால் முத்திரை பாரு. நம்ம அச்சு முறுக்கு தாராளமா கொடு. இங்க அதே மாதிரி 'கனோம் தோக் சோக்' உண்டு, கூச்சப்படாம எடுத்துக்கும்.

பரிசுக்கு குலுக்கல் வை. 1லிருந்து 40 வரை சீட்டுல எழுதி, நாலா மடிச்சு டப்பாவுல போடு. அதே எண்ணைப் பரிசு மேலயும் ஒட்டு. எல்லா எண்ணுக்கும் ஒரு பொருள் இருக்கணும். ஐந்து வயசுக்குக் கீழ தனி வரிசை, தனி டப்பா. ஒண்ணா விட்டா பெரிய பிள்ளைங்க தள்ளிட்டு முன்னால போயிடுவாங்க, கத்தரிக்கோல் மாதிரி பரிசு சின்னப் பிள்ளை கையில சிக்கும்.

விளையாட்டுக்கு நாற்காலி சுத்துறது போதும், மொழி வேண்டாம். பாட்டை நிறுத்தினா எல்லாருக்கும் புரியும்.

எட்டரைக்கு ஆரம்பிச்சு பத்தரைக்குள்ள முடிச்சிடு, அப்புறம் வேற மேடைக்கு ஓடிடுவாங்க. பிள்ளைங்க கும்பிட்டு வாங்கும், நீ சிரிச்சுத் தலையசை. பாசமா இருந்தாலும் தலையைத் தொடாதே. இன்னைக்கே பக்கத்து வீட்டம்மாகிட்ட நேரத்தைச் சொல்லிடு, தெருவுக்கு அவங்களே தகவல் சொல்லிடுவாங்க.