நெய்வேலி வீட்டுக் குழு: சாத்திக்கொண்ட கதவும் ஆறு உருளைக்கிழங்கும்

1 நவம்பர் 2025, சனிக்கிழமை

[மாலை 5:50] அம்மா: பாப்பா, காலையிலிருந்து உன்னிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. இங்கே இரவு மணி பத்து இருபது ஆகிவிட்டது. சாப்பிட்டாயா என்பதை மட்டுமாவது எழுது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்த நாளிலிருந்து, நீ எப்போது விழித்திருப்பாய், எப்போது வகுப்பில் இருப்பாய் என்று என்னால் கணக்குப் பார்க்கவே முடியவில்லை.

[மாலை 5:56] நான்: அம்மா, நலமாக இருக்கிறேன், வயிறாரச் சாப்பிட்டும்விட்டேன். மூன்றரை மணி நேர வித்தியாசம் இப்போது நாலரை மணி நேரம் ஆகிவிட்டது, மார்ச் கடைசி ஞாயிறு வரை இப்படித்தான் இருக்கும். இன்று நடந்தது கொஞ்சம் நீளமான கதை. தாத்தாவும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் குரல் பதிவாக அனுப்பாமல் எழுதியே அனுப்புகிறேன்.

[மாலை 5:58] தம்பி: எழுதுங்கள் அக்கா, தாத்தா இன்னும் தூங்கவில்லை. கண்ணாடியை எடுத்து வரச் சொல்லிவிட்டார்.

[மாலை 6:07] நான்: இன்று இங்கே அனைத்துப் புனிதர் பெருவிழா. ஜெர்மனியில் டோர்ட்முண்ட் இருக்கும் இந்த மாநிலத்தில் நவம்பர் 1 பொது விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் திறக்காது என்பது நான் வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் விடுமுறை சனிக்கிழமையில் விழுந்தால் இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் மூடியிருப்பார்கள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நேற்று ஆய்வகத்திலிருந்து திரும்ப இரவாகிவிட்டது, காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலை பத்து மணிக்குப் பையோடு போய் நின்றால் கடைக்குள் விளக்கே எரியவில்லை, தெருவில் ஆள் நடமாட்டமும் இல்லை. அறையில் மிஞ்சியிருந்தது ஒரு கைப்பிடி அரிசியும், அம்மா கொடுத்தனுப்பிய சாம்பார்ப் பொடியும், கொஞ்சம் எண்ணெயும்தான்.

[மாலை 6:10] அத்தை: இரண்டு நாள் முழுக்கக் கடையடைப்பா? இங்கே கடலூரில் பந்த் நடக்கும் நாளில்கூடக் காலையில் பாலும் காய்கறியும் கிடைத்துவிடுமே! யார் போட்ட சட்டம் அது?

[மாலை 6:16] நான்: அத்தை, ஞாயிறும் அரசு விடுமுறைகளும் ஓய்வுக்கான நாள்கள் என்று ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் 139-ஆவது பிரிவாக எழுதிவைத்தார்கள். அந்தப் பிரிவு இன்றைய அரசியலமைப்பிலும் மாறாமல் இருக்கிறது. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள், பெட்ரோல் பங்குகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கடையில் வேலை செய்பவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு இருக்கக் கிடைக்கிறது என்பதால் எனக்கு இந்தச் சட்டம் பிடித்தே இருக்கிறது. இன்று காலை வெறும் பையோடு திரும்பியபோதும் அந்த எண்ணம் மாறவில்லை.

[மாலை 6:18] அப்பா: ரயில் நிலையக் கடை திறந்திருக்கும் என்றால் அங்கே போயிருக்கலாமே.

[மாலை 6:31] நான்: அப்பா, ரயில் நிலையத்துக்கு இருக்கும் விலக்கு எனக்கு இன்று மதியம்தான் தெரிந்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றித்தான் எழுத வருகிறேன்.

வெளியே போக வழியில்லை, சமையலறையையாவது சுத்தம் செய்வோம் என்று காலியான கண்ணாடிப் புட்டிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இங்கே காகிதம் நீலத் தொட்டிக்கு, நெகிழியும் டப்பாவும் மஞ்சள் தொட்டிக்குப் போக வேண்டும். கண்ணாடியை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துத் தெரு முனையில் இருக்கும் பெரிய கலன்களில் போட வேண்டும். முதல் புட்டியைக் கையில் எடுத்தபோது, கறுப்பு மேலங்கி அணிந்த ஒரு முதியவர் கையை உயர்த்தித் தடுத்தார். என் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர் அவர். ஒரு மாதமாகப் படிக்கட்டில் வணக்கம் சொல்லிக் கடந்திருக்கிறேனே தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று விடுமுறை, புட்டி உடையும் சத்தம் அக்கம்பக்கத்தாரின் ஓய்வைக் கெடுக்கும், திங்கள்கிழமை போடுங்கள் என்று சொல்லிக் கலனில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பையோடு மேலே ஏறி வந்தேன். என் அறைக்கதவு காற்றில் சாத்திக்கொண்டிருந்தது. சாவி உள்ளே மேசைமேல் இருந்தது.

[மாலை 6:33] அம்மா: ஐயோ! கைப்பிடியைத் திருகினால் திறக்காதா?

[மாலை 6:41] நான்: திறக்காது அம்மா. இங்கே வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் பெரும்பாலும் அசையாத குமிழ்தான் இருக்கும். கதவு சாத்திக்கொண்டால் பூட்டாவிட்டாலும் சாவியில்லாமல் உள்ளே போக முடியாது. நல்லவேளையாகக் கைப்பேசி சட்டைப் பையில் இருந்தது. பூட்டுத் திறப்பவர் ஒருவரை அழைத்தேன். விடுமுறை நாள் என்பதால் 300 யூரோ ஆகும் என்றார். எனக்காக அப்பா போட்டுவைத்த 11,904 யூரோவிலிருந்து மாதத்துக்கு 992 யூரோதான் கைக்கு வருகிறது. வாடகையும் காப்பீடும் போக மீதம் என்ன என்று அப்பாவுக்கே தெரியும். வரச் சொல்லாமல் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். மெல்லிய சட்டை மட்டும் போட்டிருந்ததால் குளிர் எலும்புவரை ஏறியது.

அப்போது அந்த முதியவர் படியேறி வந்தார். புட்டிப் பையோடு நான் திரும்பிப் போன விதம் அவர் மனதை உறுத்தியிருக்க வேண்டும். என் ஜெர்மன் இன்னும் நான்கு வாக்கியத்தைத் தாண்டாததால், நடந்ததைக் கைப்பேசியில் தட்டி மொழிபெயர்த்துக் காட்டினேன். நிதானமாகப் படித்தார். கதவைப் பூட்டினீர்களா, வெறுமனே சாத்திக்கொண்டதா என்று மட்டும் கேட்டார். சாத்திக்கொண்டதுதான் என்றதும் தன் வீட்டிலிருந்து ஒரு நெகிழித் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்து, கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடாக எடுத்தார். அதைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் செருகி, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே கதவைத் தோளால் அசைத்தார். பத்து நிமிடம் விடாமல் முயன்றார். பூட்டின் நாக்கு விலகிக் கதவு திறந்துகொண்டது.

[மாலை 6:43] தம்பி: அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் கடையில் காசு தருவார்கள் என்று ஒருமுறை எழுதினீர்களே, அக்கா?

[மாலை 6:46] நான்: ஆமாம் தம்பி, அந்த வகைப் புட்டிக்கு 25 சென்ட். தண்ணீர் வாங்கும்போதே அதைச் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள், காலிப் புட்டியைக் கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். வெட்டிய புட்டியை எந்திரம் எடுத்துக்கொள்ளாது. அந்த 25 சென்டை நான் கொடுக்க முயன்றேன், அவர் வாங்கவில்லை.

[மாலை 6:48] அம்மா: முன்பின் தெரியாத மனிதர் இவ்வளவு செய்திருக்கிறார். அவருக்கு என்ன கொடுத்தாய்?

[மாலை 6:58] நான்: கொடுக்க என்னிடம் என்ன இருந்தது அம்மா? கடை மூடியிருப்பது தெரியாமல் இருந்துவிட்டேன் என்றதும் அவர்தான் ஆறு உருளைக்கிழங்கும் இரண்டு வெங்காயமும் அரை ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். நாளைக்குப் பால் வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையத்துக்குப் போங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று சொன்னவரும் அவர்தான். உடனே உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பார்ப் பொடி தூவி, மொறுமொறுப்பாக வறுத்தேன். இங்கே குளிர்காலத்தில் சன்னலைச் சாய்த்தே வைத்திருக்கக் கூடாது, ஐந்து நிமிடம் அகலத் திறந்து காற்றை மாற்றிவிட்டு மூட வேண்டும். அதை இன்று தாளித்த பிறகு முறையாகச் செய்தேன். ஒரு கிண்ணத்தில் வறுவலை எடுத்துக்கொண்டு முதல் முறையாக அவர் வீட்டு மணியை அடித்தேன்.

மேசையில் பிரிக்காமல் கிடந்த ஒரு கடிதத்தையும் எடுத்துச் சென்றிருந்தேன். வானொலி, தொலைக்காட்சிக்காக மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லும் கடிதம் அது. என்னிடம் தொலைக்காட்சியே இல்லையே, இது ஏமாற்று வேலையாக இருக்கும் என்று இரண்டு வாரமாக ஒதுக்கிவைத்திருந்தேன். தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய தொகை இது, கட்டாவிட்டால் அபராதம் சேரும் என்று வரிவரியாக விரல் வைத்துக் காட்டினார். மாதம் ஏறக்குறைய 1,900 ரூபாய் கூடுதல் செலவுதான், அப்பா. ஆனாலும் இப்போதே தெரிந்ததில் எனக்கு நிம்மதி.

[இரவு 7:02] அப்பா: திங்கள்கிழமையே கட்டிவிடு. இனி எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே படம் எடுத்து இங்கே அனுப்பு, சேர்ந்து படிப்போம்.

[இரவு 7:05] நான்: தாத்தா, இது உங்களுக்காக. அவர் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணியில் பித்தளை விளக்கு ஒன்று தொங்குகிறது. சுரங்க விளக்கு. அவர் பதினைந்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். இந்த நகரத்தின் கடைசிச் சுரங்கமான மினிஸ்டர் ஸ்டைன் 1987-இல் மூடப்படும்வரை அதில் வேலை பார்த்தாராம்.

[இரவு 7:14] தாத்தா: பாப்பா, படித்தேன். அவரும் சுரங்கத்துக்காரரா! ஆனால் அவர் வேலை வேறு, என் வேலை வேறு. அங்கே கறுப்பு நிலக்கரி, பூமிக்குள் வெகு ஆழத்தில் குகைபோலக் குடைந்து போக வேண்டும். நம்முடையது பழுப்பு நிலக்கரி, வானம் பார்த்த சுரங்கம், மேல்மண்ணை அகற்றிவிட்டு வெட்டுவது. நான் 1969-இல் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் சுரங்கத்தில் மண்ணை வெட்டிய பக்கெட் வீல் எந்திரங்கள், அதாவது சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய எந்திரங்கள், மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. எச்சரிக்கைப் பலகையில் இருந்த 'அக்டுங்' என்ற சொல்லுக்குக் கவனம் என்று பொருள் என்பதை முதல் நாளே மனப்பாடம் செய்தேன்.

[இரவு 7:24] நான்: கைப்பேசியில் நெய்வேலிச் சுரங்கத்தின் படத்தைக் காட்டினேன் தாத்தா. எந்திரத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இங்கே எல்லாம் முடிந்துபோயிற்று. 2018 டிசம்பர் 21 அன்று பாட்ரொப் நகரத்தில் நாட்டின் கடைசிக் கறுப்பு நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். ஆனால் தண்ணீர் இறைக்கும் பம்புகளை மட்டும் நிறுத்த முடியாது என்றார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அடியில் குடைந்ததில் இந்த வட்டாரத்தின் நிலம் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டதாம். இறைப்பதை நிறுத்தினால் ஊர்களுக்குள்ளேயே தண்ணீர் தேங்கிவிடும், அதனால் இது என்றென்றைக்குமான கடமை என்றார்.

[இரவு 7:31] தாத்தா: நமக்கும் தண்ணீர்தான் பெரிய சவால். நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்று நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் நிற்கும். மின்சாரம் போனால் வயிற்றைக் கலக்கும். அந்த நீர் வீணாகவில்லை, வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்குப் பாய்கிறது என்று அவரிடம் சொல். அவர்கள் இறைக்கும் நீர் எங்கே போகிறது என்றும் கேட்டுவை.

[இரவு 7:33] அத்தை: அப்பா, இதை எல்லாம் நாளைக்கு எழுதலாம், மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாப்பா, அவர் எதற்காகக் கறுப்பு மேலங்கி போட்டிருந்தார்?

[இரவு 7:39] நான்: மனைவியின் கல்லறைக்குப் போகக் கிளம்பியிருந்தார், அத்தை. நம் ஊரில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவத்தி ஏற்றுவதுபோல, இங்கே இன்றே கல்லறைகளில் சிவப்புக் கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு ஏற்றுகிறார்கள். போகிற நேரத்தில்தான் என் கதவு அவரை நிறுத்தியது. இருட்டும் முன் போக வேண்டும் என்று ஐந்து மணிக்குச் சற்று முன் கிளம்பினார். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். விளக்கை அவர் ஏற்றினார், காற்றில் அணையாமல் இருக்க நான் கையால் மறைத்துப் பிடித்தேன். அதனால்தான் அம்மாவின் செய்தியைப் பார்க்கத் தாமதமாகிவிட்டது.

[இரவு 7:42] அம்மா: நல்லது செய்தாய், கண்ணம்மா. அடுத்த பார்சலில் பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ வைக்கிறேன், பாதி அவருக்கு. ஆனால் மறுபடி இப்படி வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாதே. மாற்றுச் சாவி ஒன்றை அவரிடமே கொடுத்துவை.

[இரவு 7:44] அப்பா: அதில் எனக்குச் சம்மதமில்லை. நல்ல மனிதர்தான், நன்றி மறக்கக் கூடாது. ஆனால் பழகி ஒரு நாள்தான் ஆகிறது. கூடப் படிக்கும் தோழியிடம் கொடு.

[இரவு 7:47] தாத்தா: வட்டத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது நம் வீட்டுச் சாவி முப்பது வருடம் பக்கத்து வீட்டில்தான் தொங்கியது. அவருடைய சாவி நம் வீட்டில் தொங்கியது.

[இரவு 7:52] நான்: தாத்தா, அவரிடம் நானே கேட்டேன். தோழியிடம் கொடுப்பதுதான் நல்லது என்று அவரும் அப்பா சொன்னதையே சொன்னார். எட்டு மணிக்கே படுத்துவிடுவாராம், அதற்குப் பிறகு நான் எவ்வளவு மணி அடித்தாலும் தெரியாதாம். சுரங்கத்தில் துளைபோடும் எந்திரத்தோடு பல வருடம் நின்றதில் காது போய்விட்டது என்றார். நான் கைப்பேசியில் எழுதிக் காட்டியதை அவர் அவ்வளவு நிதானமாகப் படித்தது என் ஜெர்மன் போதாததால் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

[இரவு 7:58] தாத்தா: எனக்கு இடது காது. அவருக்கு எந்தக் காது என்று நாளைக்குக் கேட்டு எழுது, பாப்பா.