டிஷ்யூ பாக்கெட்டை மதிப்பவர்கள் தட்டை ஏன் போட்டுவிட்டுப் போனார்கள்?

தெம்பனீஸ்காரி

வணக்கம். பகலில் சிங்கப்பூரின் சாங்கியில் ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை, மாலையில் பகுதிநேரப் பட்டப்படிப்பு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனியாவது படிப்போம் என்று சேர்ந்தேன். இந்தப் பருவத்தில் சமூகவியல். பாடம் பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

செயற்பாட்டுக் கோட்பாடு, முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு ஊடாட்டக் கோட்பாடு என்று மூன்றையும் படித்தாயிற்று. எதைக் கொடுத்தாலும் மூன்றும் விளக்கிவிடுகின்றன. மக்கள் வரிசையில் நின்றால், அதனால் சமூகத்தில் ஒழுங்கு நிலைக்கிறது என்கிறது முதலாவது. ஒருவர் வரிசையை மீறினால், அதிகாரம் உள்ளவருக்கு வரிசை கிடையாது என்கிறது இரண்டாவது. வரிசை எங்கே தொடங்குகிறது என்பதையே நிற்பவர்கள் கண்ணாலும் காலாலும் பேசி முடிவு செய்கிறார்கள் என்கிறது மூன்றாவது. நடந்து முடிந்த பிறகு "நான் அப்போதே சொன்னேனே" என்கிற ஜோசியர் மாதிரி இருக்கிறது.

இப்போது ஒரு கட்டுரை எழுத வேண்டும். அன்றாடப் பழக்கம் ஒன்றை எடுத்து, ஏதாவது இரண்டு கோட்பாடுகளைக் கொண்டு விளக்க வேண்டும். நான் எடுத்திருப்பது எங்கள் வட்டார உணவங்காடி நிலையத்தின் மதிய வேளை. பன்னிரண்டரை மணிக்கு அங்கே உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொதிக்கிற மீ சோத்தோ நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஆட்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். நடுவில் ஒரு மேசை காலியாக இருக்கும். அதன்மேல் யாரோ இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போன ஒரு டிஷ்யூ பாக்கெட், அவ்வளவுதான். ஒருவரும் உட்கார மாட்டார். அதைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தால் எந்தச் சட்டமும் கேட்காது.

அதே ஆட்கள்தான் சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எவ்வளவோ சுவரொட்டி, எவ்வளவோ வேண்டுகோள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் சட்டப்படி நடவடிக்கை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் மாறினார்கள்.

"நம் ஊர்க்காரர்கள் அபராதத்துக்குத்தான் பயப்படுவார்கள்" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். அப்படியானால் டிஷ்யூ பாக்கெட்டுக்கு யார் அபராதம் போட்டது? ஒரே ஆள், ஒரே மேசை, நடுவில் அரை மணி நேரம். கோட்பாடுகள் இதற்குப் பதில் சொல்லுமா, இல்லை இதற்கும் ஒரு பெயரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுமா?

கோப்பி ஓ கொசோங்

பெயர்தான் வைப்பார்கள் அக்கா. டிஷ்யூ பாக்கெட்டை எடுத்துப் போட்டால் அதன் சொந்தக்காரர் ஐந்து நிமிடத்தில் தட்டோடு வந்து முறைப்பார். தட்டை விட்டுவிட்டுப் போனால் யார் வந்து முறைக்கப்போகிறார்? அவ்வளவுதான் லா. இதற்குப் போய் கோட்பாடா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி கோட்பாடு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நல்ல கோட்பாடு ஒன்றைச் சொல்லிவிட்டார். தண்டிக்க ஆள் இருந்தால் மதிப்பு, இல்லாவிட்டால் இல்லை என்பது அது. இதைச் சோதிக்கவும் முடியும் என்பதுதான் இதன் அழகு. தம்பி சொல்வது சரியென்றால், முறைக்க வாய்ப்பில்லாதவர் வைத்த பாக்கெட்டை யாரும் மதிக்கக் கூடாது. ஆனால் பாக்கெட் வைத்தவர் யாரென்றே சுற்றிவருபவருக்குத் தெரியாது. மல்யுத்த வீரராக இருக்கலாம், எண்பது வயதுப் பாட்டியாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மரியாதைதானே கிடைக்கிறது?

அம்மா, உங்கள் மூன்று கோட்பாடுகள்மேல் உங்களுக்கு இருக்கும் எரிச்சல் நியாயமானது. அவை சமூகம் முழுவதையும் ஒரே மூச்சில் பார்ப்பவை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1949-லேயே இதைப் பற்றிக் கவலைப்பட்டு, நடுத்தர அளவுக் கோட்பாடுகள் வேண்டும் என்றார். ஒரு குறிப்பிட்ட வகை நடத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, இது நடக்கும், இது நடக்காது என்று துணிந்து சொல்பவை. உங்கள் மேசைக்கு அப்படிப்பட்டவைதான் சரிப்படும்.

முதலில் டிஷ்யூ. தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியல் அறிஞர் (2005-இல் நோபெல் பரிசு பெற்றவர்) ஒரு கேள்வி கேட்டார். நியூயார்க்கில் ஒருவரைச் சந்திக்க வேண்டும், ஆனால் எங்கே, எப்போது என்று பேசிக்கொள்ள முடியாது. எங்கே போய் நிற்பீர்கள்? அவர் கேட்டவர்களில் பலர் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத் தகவல் முகப்பு என்றார்கள், நேரம் நண்பகல் பன்னிரண்டு. நம் ஆட்களிடம் சிராங்கூன் சாலையில் சந்திப்போம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேராவது வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நிற்பார்கள். பேசாமலே எல்லாருடைய எண்ணமும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்வதை அவர் 1960-இல் எழுதினார். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் அப்படி ஒரு புள்ளி. இன்று கிண்ணத்தோடு சுற்றுபவர் நாளைக்குப் பாக்கெட் வைக்கப்போகிறவர். வழக்கம் நிலைத்தால் இருவருக்கும் லாபம்.

தட்டின் கதை வேறு. எடுத்து வைக்கும் சிரமம் எனக்கு, சுத்தமான மேசை அடுத்து வருபவருக்கு. பொருளியல் அறிஞர் மன்கர் ஓல்சன் 1965-இல் சொன்னது இதைத்தான்: எல்லாருக்கும் பொதுவான நன்மைக்கு ஒவ்வொருவரும் தானாகப் பாடுபடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அதனால்தான் ஒன்றுக்குச் சட்டம் தேவைப்படவில்லை, இன்னொன்றுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் லாபக் கணக்கு மட்டும் போதாது. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1971-இல், ஆள் இல்லாதபோதும் அவருக்காக இடத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களைப் பற்றி எழுதினார். கடற்கரை நாற்காலியில் கிடக்கும் கறுப்புக் கண்ணாடி, விமான இருக்கையில் கைப்பை. அந்தப் பொருளைத் தொடுவது அந்த ஆளைத் தொடுவது மாதிரி. அதை மீறினால் நமக்கு உள்ளே என்ன ஆகும் என்பதற்கு உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் கதை ஒன்று உண்டு. 1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலில், காரணம் எதுவும் சொல்லாமல் "உங்கள் இருக்கையைத் தருகிறீர்களா?" என்று கேட்கத் தன் மாணவர்களை அனுப்பினார். கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 68 விழுக்காட்டினர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள்! திண்டாடியது கேட்டவர்கள்தான். மில்கிராமே போய்க் கேட்டபோது வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இடம் கிடைத்து உட்கார்ந்ததும் முகம் வெளிறி, உடம்பு சரியில்லாதவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாராம். தம்பி சொன்ன முறைப்பு வெளியிலிருந்து வர வேண்டும் என்றில்லை.

தெம்பனீஸ்காரி

நன்றி ஐயா. மில்கிராம் பகுதியைப் படித்ததும் கழுத்து வியர்த்தது. எங்கள் அலுவலகப் பையன் ஒருவனை டிஷ்யூ பாக்கெட்டைத் தள்ளிவிட்டு உட்காரச் சொல்லலாமா என்று யோசித்திருந்தேன். வேண்டாம், பாவம்.

ஓல்சனில்தான் ஒரு சந்தேகம். சிரமத்தை அபராதம் ஈடுகட்டியதால் மாறினார்கள் என்று எழுதிவிடலாம். ஆனால் வகுப்பில் இதற்கு நேர்மாறான ஒன்றைப் படித்தோம். யூரி நீஸியும் அல்டோ ருஸ்டிகினியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களைப் பற்றியது. பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடிவிட்டது. ஆசிரியர் காத்திருப்பாரே என்ற கூச்சம் போய், காசு கொடுத்து நேரம் வாங்கிக்கொள்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

அங்கே கெடுத்த அபராதம் இங்கே எப்படி வேலை செய்தது?

தட்டுவண்டி

தங்கச்சி, நான் உணவங்காடி நிலையங்களில் துப்புரவுக் குழுவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன். இந்தச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்த்திருக்கிறேன். வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த ஓல்சன் விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை.

தட்டை விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் இல்லை. மேசையைப் பார்த்தாலே தெரியும். மீன் முள்ளை எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டிருப்பார்கள். கிண்ணத்துக்குமேல் கிண்ணம் அடுக்கி, கரண்டிகளை ஒரு பக்கமாகச் சேர்த்து, டிஷ்யூவைக் குவளைக்குள் திணித்து, மேசையைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவ்வளவையும் செய்த நேரத்தில் தட்டு வைக்கும் அடுக்குக்கு நடந்துபோய்த் திரும்பி வந்திருக்கலாம். சிரமம்தான் காரணம் என்றால் இவர்கள் ஏன் இவ்வளவு சிரமப்பட்டார்கள்?

கேட்டால் சொல்வார்கள்: "நாங்கள் எடுத்துவிட்டால் அந்த ஆன்ட்டிக்கு வேலை போய்விடுமே." இதை மனசாரச் சொன்னவர்கள் நிறைய. எடுக்கும் வேலை இன்னொருவருக்கு உரியது, அடுக்கித் தருவது மரியாதை, அதற்குமேல் போனால் அடுத்தவர் வேலையில் கைவைப்பது. நம் வீட்டு விருந்தை யோசித்துப் பாருங்கள். பழைய பழக்கமுள்ள வீட்டில் விருந்தாளி சாப்பிட்ட இலையைத் தானே எடுக்கப் போனால் வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பிடுங்குவார். இலையை மடித்துவிட்டு எழுவதுதான் முறை.

அதே நேரம் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எச்சிலைத் தொடுகிறவர் ஒரு படி கீழே என்ற நினைப்பு. எங்கள் குழுவில் இருந்த வயதானவர்கள் மேசையைத் துடைக்கும்போது உட்கார்ந்திருப்பவர் முழங்கையைத் தூக்குவார், முகத்தைத் தூக்க மாட்டார். மைனாக் கூட்டம் தட்டில் இறங்கினால் மட்டும் "ஹலோ!" என்று கூப்பிடுவார். உங்கள் முரண்பாட்டுக் கோட்பாட்டை நான் படித்ததில்லை, ஆனால் அது சொல்லவேண்டியது இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டம் வந்ததும் முதலில் மாறியது இந்த அடுக்கிவைக்கும் கூட்டம்தான். முதல் தடவை எழுத்துபூர்வ எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் இடத்தில் அதிகாரிகள் இல்லாத நாள்களிலும் தட்டுகள் அடுக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. இது யாருடைய வேலை என்ற குழப்பம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடுக்கில் ஹலால் தட்டுக்குத் தனி இடம் உண்டு. தட்டைக் கொண்டுவருவதே பெரிய உபகாரம் என்கிற மாதிரி முகம் வைத்துக்கொண்டு வருபவர்கூட, அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, பெயர்ப்பலகையைப் படித்து, சரியான பக்கத்தில்தான் வைப்பார். அதற்கு யாரும் மிரட்டத் தேவைப்பட்டதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

கோபமா? கிண்ணம் அடுக்கிய மேசை ஒன்றே போதும் என் ஓல்சனை உட்காரவைக்க. கட்டுரையில் அதுதான் உங்கள் சான்று அம்மா.

அண்ணன் சொல்வதை 1928-இல் சமூகவியலாளர்கள் வில்லியம் தாமஸும் டோரத்தி தாமஸும் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்: ஒரு நிலைமையை உண்மை என்று மனிதர் வரையறுத்துக்கொண்டால், அதன் விளைவுகள் உண்மையாகிவிடும். துப்புரவாளரின் வேலை போகுமா போகாதா என்பது வேறு விஷயம். போகும் என்று நம்பினார்கள், தட்டு மேசையிலேயே இருந்தது. ஹைஃபா கேள்விக்கும் வழி இதிலேயே கிடைக்கிறது என்பது என் கருத்து. அங்கே ஆசிரியருக்குப் பெற்றோர் பட்டிருந்த கடமையை அபராதம் விலைக்கு வாங்கும் சேவையாக மாற்றியது. இங்கே காசு கொடுத்த சாப்பாட்டோடு சேர்ந்து வந்த சேவை என்று நினைத்திருந்ததைச் சட்டம் அவரவர் கடமையாக மாற்றியது. ஒரே கருவி, எதிரெதிர்த் திசை. தவிர, எச்சரிக்கையில் தொடங்கி 300 வெள்ளிக்குப் போவதை மேசை துடைக்கும் கட்டணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

மாற்றம் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று கேட்டால் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் (1978) கைகொடுப்பார். நூறு பேர் கூட்டத்தில் ஒருவர் யாருக்கும் காத்திருக்காமல் தொடங்குவார், அடுத்தவர் ஒருவரைப் பார்த்தால் சேர்வார், அடுத்தவர் இருவரைப் பார்த்தால், இப்படியே நூறு பேரும் சேர்ந்துவிடுவார்கள். "ஒருவரைப் பார்த்தால் போதும்" என்பவருக்குப் பதில் "இருவர் வேண்டும்" என்பவர் வந்துவிட்டால், முதல் ஆளோடு எல்லாம் நின்றுவிடும். இரண்டு கூட்டத்திலும் மனிதர்களின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே "சிங்கப்பூரர் குணமே இப்படித்தான்" என்று எழுதும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

கோப்பி ஓ கொசோங்

சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டி வைத்த பாக்கெட்டை நான் தள்ள மாட்டேன் என்பது பயத்தால் இல்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? பாட்டிகள்தான் நன்றாகத் திட்டுவார்கள்.

தெம்பனீஸ்காரி

ஓல்சனையும் வில்லியம், டோரத்தி தாமஸையும் எதிரெதிரே நிறுத்தப்போகிறேன். சிரமம்தான் காரணம் என்றால் அடுக்குக்குத் தள்ளியிருக்கும் மேசைகளில் தட்டு அதிகம் தங்க வேண்டும், கிண்ணங்கள் கலைந்தே கிடக்க வேண்டும். யாருடைய வேலை என்ற புரிதல்தான் காரணம் என்றால் தூரம் அவ்வளவாகப் பாதிக்கக் கூடாது, விடப்பட்ட தட்டுகளிலும் அடுக்கியவை இருக்க வேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் போய் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். தட்டுவண்டி அண்ணன், வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

தட்டுவண்டி

பன்னிரண்டரைக்குப் போகாதீர்கள் தங்கச்சி. அந்த நேரத்தில் அடுக்கே நிரம்பி வழியும். தட்டோடு போய் இடமில்லாமல் திரும்பியவரையும் விட்டுவிட்டுப் போனவர் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இரண்டு மணிக்குப் போங்கள். முதியவர்களையும் கைக்குழந்தையோடு வருபவர்களையும் தனியாகக் குறியுங்கள், அவர்களுடைய காரணம் வேறு. அப்புறம் போகும்போது கையில் குறிப்பேடு தெரியக் கூடாது. அதிகாரி என்று நினைத்து எல்லாரும் தட்டைத் தூக்கிவிடுவார்கள்.