ஆசிரியருக்கோ, படிக்கிறவருக்கோ நீங்கள் கொடுத்த பரிசில் இன்னும் மனதை உறுத்துவது எது?

பென்சில்கோடு:

இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. பள்ளியில் எனக்கு வரலாறு எடுத்த சார் ஓய்வுபெற்று ரொம்ப நாளாகிறது. அவரைப் பார்க்கப் போகும்போது, அந்தக் காலத்தில் அவர் எனக்கு இரவல் கொடுத்த அதே புத்தகத்தின் புதுப் பதிப்பை வாங்கிப் போனேன். கெட்டி அட்டை, நல்ல தாள். பழைய பிரதியை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. புதிதாக ஒன்று கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன்.

சார் உறையைப் பிரித்தார். தலைப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே நடுவில் ஓர் இடத்தைத் திறந்து, பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினார். வெள்ளையாக இருந்தது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று புரட்டினார். "பழசு உன்கிட்டதானேப்பா இருக்கு?" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடம் எடுத்த வருடமெல்லாம் அதன் ஓரங்களில்தான் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். எந்த வகுப்பில் யார் என்ன கேட்டார்கள் என்பதுகூட அதில் இருக்கும். எனக்குத் தெரியாதது இல்லை. நானே ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன். "பரவாயில்ல விடு, இதுல எழுத்து பெருசா இருக்கு" என்றார். வெள்ளை ஓரத்தில் அந்த விரல் போனது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நான்காம்_பாடவேளை:

நான் கணக்கு ஆசிரியை, பத்தொன்பது வருடமாக. ஆசிரியர் நாள் வந்தால் மேசை நிறையும். கோப்பை, பேனா ஸ்டாண்டு, சாவிக்கொத்து. எல்லாவற்றையும் அன்போடுதான் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் எதை யார் கொடுத்தார்கள் என்று ஒரு வருடம் கழித்துக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், கடைசி நாளன்று நோட்டின் நடுத்தாளைப் பிரித்து நீட்டினாள். "மிஸ், நீங்க வகுப்புல பேர் சொன்ன புத்தகமெல்லாம் இதுல இருக்கு." 37 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நேராகத் தேதி. பாடத்துக்கு நடுவே போகிறபோக்கில் நான் சொன்னவை அவை. சொன்னதே பாதி எனக்கு நினைவில்லை. அவற்றில் எட்டுத் தலைப்புகளுக்கு எதிரே சின்னதாக டிக் போட்டிருந்தாள், படித்து முடித்ததற்கு. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பென்சில்கோடு, அந்தக் குறிப்புகளை நீங்கள் படித்தீர்கள் என்று சாரிடம் சொன்னீர்களா? தொலைந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் அது பாதிச் செய்திதான்.

இரவல்_வாசகன்:

எனக்கு இதில் வேறு கருத்து. படிக்கிறவனுக்குப் புத்தகத்தையே பரிசாகக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். என் நெருங்கிய நண்பன் மூன்று பாக நாவல் ஒன்று கொடுத்தான். பார்க்கும்போதெல்லாம் "எதுவரைக்கும் வந்திருக்க?" என்பான். எனக்கோ முதல் பாகத்தில் நூறு பக்கம் தாண்டவில்லை. ஒருநாள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் அவனைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி நடந்துவிட்டேன். திரும்பும்போது கடைக்கண்ணில் தெரிந்தது, அவன் கையைப் பாதி தூக்கியிருந்தான். என்னைப் பார்த்துவிட்டான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குப் பிறகு அவன் அந்த நாவலைப் பற்றிக் கேட்கவே இல்லை. வேறு புத்தகங்களைப் பற்றியும் கேட்பதில்லை.

புத்தகம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளும் ரசீதோடு கொடுங்கள். படித்தாயா என்று கேட்காதீர்கள். மின்னூல் இன்னும் சிக்கல்: பெரும்பாலும் அது வாங்கியவரின் கணக்கோடு பிணைந்தது, படித்து முடித்து இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது.

மைக்கூடு:

என் அனுபவம் சின்னது. எழுதுவதே உயிராக இருந்த என் மாமாவுக்கு இங்க் பேனாவும், கூடவே பாட்டில் அழகாக இருந்ததால் படம் வரைகிற கறுப்பு இங்க்கும் கொடுத்தேன். ஒரு மாதத்தில் பேனா அடைத்துக்கொண்டது. மாமா அதை வெந்நீரில் போட்டு, ஊசியால் குத்தி, கடைசியில் நிப்பையே வளைத்துவிட்டார். "நான்தான் சரியா பாத்துக்கல" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தப்பு என்னுடையது.

அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வரைவதற்கான அந்த இங்க்கில் பல வகைகளில் அரக்கு கலந்திருக்கும். காய்ந்தால் தண்ணீரில் கரையாது. நிப்புக்கு அடியில் மை இறங்கி வரும் நுண்ணிய பள்ளங்களில் அது இறுகிவிடும். தொட்டுத் தொட்டு எழுதும் பேனாவுக்குத்தான் அது சரி. இங்க் பேனாவுக்கு, அதற்கென்றே விற்கிற நீர் சார்ந்த மைதான் வேண்டும். மாதம் ஒருமுறை சாதாரணத் தண்ணீரில் அலசினால் போதும், வெந்நீர் கூடாது.

அடுத்து நிப். பொடி எழுத்து எழுதுகிறவருக்கு மெல்லிய முனையான ஃபைன். கையெழுத்துக்கும் கடிதத்துக்கும் மீடியம் அல்லது அகல முனையான பிராட். விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பிராட் கொடுக்கவே கூடாது, மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறிவிடும். இடது கையால் எழுதுகிறவர் என்றால் சீக்கிரம் காயும் மையாகப் பாருங்கள், ஏனென்றால் எழுதிய வரியின் மேலேயே அவர் கை நகரும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இங்க் பேனா நல்ல பரிசு: பால்பாயிண்டைப் போல அழுத்த வேண்டாம், தாளைத் தொட்டாலே மை இறங்கும்.

நோட்டு வாங்கினால் தாளின் கனத்தைப் பாருங்கள். நகலெடுக்கிற சாதாரணத் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம். இங்க் பேனாவுக்கு 90, 100 இருந்தால் நல்லது. ஆனால் கனம் மட்டும் போதாது, மேற்பரப்பு மையை உறிஞ்சுவதாக இருந்தால் 100-லும் மை பரவும். ஓர் ஓரத்தில் எழுதிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். பக்கக்குறி வாங்குகிறவர்கள் உலோகக் கிளிப்பைத் தவிருங்கள், நாளாவட்டத்தில் துருக்கறை விழலாம். கிழிந்த பழைய புத்தகத்தைச் சரிசெய்து கொடுக்கிறேன் என்று செலோ டேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது.

வெற்றுப்பக்கம்:

மைக்கூடு, தகவலுக்கு நன்றி, ஆனால் உங்கள் மாமா மன்னிப்புக் கேட்ட இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். அதற்கப்புறம் நீங்கள் அவருக்கு வேறு பேனா கொடுத்தீர்களா இல்லையா?

நான் கதை எழுதுகிறவள். எல்லோரும் எனக்கு நோட்டுதான் கொடுப்பார்கள். தோல் அட்டை, துணி அட்டை என்று ஒன்பது நோட்டுகள் அலமாரியில் இருந்தன. ஒன்றிலும் ஒரு வரி எழுதவில்லை. அவ்வளவு அழகான நோட்டில் அடித்துத் திருத்தி எழுத மனம் வராது. பழைய பில்களின் பின்பக்கத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என் அக்கா பத்தாவது நோட்டைக் கொடுத்தாள். திறந்தால் முதல் பக்கம் முழுக்கக் கிறுக்கல். பேனா ஓடுகிறதா என்று பார்க்கச் சுழிப்போமே, அதுபோல. கீழே ஒரு மூலையில், "இது கெட்டுப்போச்சு. இனிமே நீ எழுது." அன்று இரவே எழுத ஆரம்பித்தேன். அந்த ஒன்பதும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

காதுவழி:

எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சருக்குக் கண்ணின் மையப் பார்வை மங்கிவிட்டது. ஓரம் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் தெரியாது. அதைச் சரியாக விசாரிக்காமல், பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகம் கொண்டுபோனேன். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து மூன்று வரி படித்தார், எனக்காக. பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அந்தப் புத்தகத்தையே படித்துக்காட்டுகிறேன். மூன்றாவது வாரம் நடுவில் நிறுத்தினார். "காற்புள்ளியில நிக்கல நீ. மறுபடி படி." எனக்கு நாற்பத்தாறு வயது. மறுபடி படித்தேன்.

மைக்கூடு:

வெற்றுப்பக்கம், இல்லை, கொடுக்கவில்லை. நீங்கள் கேட்டபிறகுதான் யோசிக்கிறேன். இந்த வாரம் போகிறேன்.

பென்சில்கோடு:

நான்காம்_பாடவேளை, நீங்கள் சொன்னதற்காகவே நேற்று சாருக்குப் போன் செய்தேன். ஓரக்குறிப்பு ஒன்று எனக்கு அப்படியே நினைவிருந்தது: "இந்தப் போரில் குதிரைகளுக்கு யார் தீனி போட்டார்கள் என்று ஒரு பையன் கேட்டான். தெரியவில்லை. தேட வேண்டும்." அதைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எந்த அத்தியாயம் என்று கேட்டார். புதுப் பதிப்பில் பக்க எண் மாறியிருக்கிறது, அவரே தேடிப் பிடித்தார்.

"இரு, பென்சில எடுத்துட்டு வரேன். வேற என்னல்லாம் ஞாபகம் இருக்கு, சொல்லு" என்றார்.