நாலரை லட்சத்துக்குள் ஓட்ட ஆசையாக இருக்கும் பழைய கார்: தாம்பரம் டு சிறுசேரி

தாம்பரம் கிழக்கு

வணக்கம். வீடு தாம்பரம், வேலை சிறுசேரி சிப்காட்டில். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக ஒரு பக்கம் சுமார் 30 கிலோமீட்டர், வாரம் ஐந்து நாள். இத்தனை வருடம் பைக்தான். போன மழைக்காலத்தில் இரண்டு தடவை வழுக்கி விழப் பார்த்தேன், இனி கார்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கையில் நாலரை லட்சம் இருக்கிறது. இன்சூரன்ஸ், ஆர்.சி. பெயர் மாற்றம், முதல் சர்வீஸ் எல்லாம் அதற்குள்ளேயே முடிய வேண்டும், கடன் வாங்குவதாக இல்லை.

யாரிடம் கேட்டாலும் மைலேஜ், ரீசேல் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். தினமும் இரண்டு மணி நேரம் அந்த சீட்டில் உட்காரப் போகிறவன் நான், சாவியை எடுக்கும்போதே ஓட்டலாம் என்று மனசு சொல்ல வேண்டும். காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் கண்டிகை தாண்டி மாம்பாக்கம் வரை ரோடு ஓரளவு காலியாக இருக்கும். மாலையில் அதே ரோட்டில் ஊர்ந்துதான் வர வேண்டும். மாதம் ஒரு முறை ஈ.சி.ஆர்., எப்போதாவது ஏலகிரி. 4 வயது மகள் இருக்கிறாள், மனைவியும் ஓட்டுவார்.

ஆசை ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மேல். 2015 மாடல் ஒன்று நாலு நாற்பது சொல்கிறார்கள். அடுத்து மாருதி ஸ்விஃப்ட், ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல், ஹோண்டா பிரியோ. எதைப் பார்க்கலாம்?

மூணாவது கியர்

போலோ ஜி.டி. ஆசை எனக்குப் புரிகிறது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், காலியான ரோட்டில் அது இழுக்கிற இழுவை இந்த விலையில் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் அதில் இருப்பது டி.எஸ்.ஜி. என்ற 7 கியர் ஆட்டோமேட்டிக், உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டுமே எண்ணெயில் மூழ்காத உலர் வகை. பம்பர் டு பம்பரில் அரை அடி, அரை அடியாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடாகும். உங்கள் மாலை நேரம் முழுக்க அதுதானே. கியர்பாக்ஸ் பக்கம் கை வைத்தால் பில் லட்சத்தில் வரலாம். நாலு நாற்பதுக்கு வண்டியை வாங்கிவிட்டு மீதி பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இன்னும் ஒன்றரை லட்சம் தனியாக இருந்தால் வாங்குங்கள் என்றே சொல்லுவேன், இல்லையென்றால் வேண்டாம்.

என் கணக்கில் வேகமான வண்டி வேறு, ஓட்ட இன்பமான வண்டி வேறு. நம்ம ஊர் ரோட்டில் 60, 70க்கு மேல் போக எத்தனை நிமிடம் கிடைக்கும்? அந்த வேகத்துக்குள்ளேயே சந்தோஷம் தருவது எடை குறைந்த வண்டியும், சொன்னபடி விழுகிற கியரும், மேலே வரை ஆசையாகச் சுற்றுகிற இன்ஜினும்தான். பிரியோவை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 1.2 ஐ-விடெக், 88 குதிரைத்திறன், வண்டி ஒரு டன்னுக்கும் கீழே. இரண்டாவது கியரில் அந்த இன்ஜின் பாடுவதைக் கேட்டால் உங்களுக்கே தெரியும். குறை என்று பார்த்தால் டிக்கி 175 லிட்டர்தான், குழந்தையோடு ஊருக்குப் போக இடிக்கும்.

சாந்தி பாலா

நான் ஐந்து வருடமாக 2016 ஃபிகோ 1.5 டீசல் ஓட்டுகிறேன், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் மூன்றாவது கியரிலேயே நிம்மதியாக ஏறிவிடும். அதில் டைட்டானியம் பிளஸ் என்ற வேரியன்ட் கிடைத்தால் விடாதீர்கள், 6 ஏர்பேக் அதில் உண்டு, மகளை உட்கார வைத்துப் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

செலவும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓட்டம் மாதம் 1,300 கிலோமீட்டருக்குக் குறையாது. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோலுக்கு 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், டீசல் 20 கொடுத்தால் ஆறாயிரத்துச் சொச்சம். ஃபோர்டு 2021ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தாலும் சர்வீஸ் சென்டர்கள் இயங்குகின்றன. வாங்கும் முன் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், இந்த வயது வண்டியில் அது அறுந்தால் இன்ஜினே போய்விடும்.

ஒன்றே ஒன்று, கிளட்ச் கொஞ்சம் கனம். எனக்குப் பழகிவிட்டது, உங்கள் மனைவியையும் சாயங்கால டிராஃபிக்கில் ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிவிட்டு முடிவு பண்ணுங்கள். காலையில் காலி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் செய்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

ஸ்பேனர் செட்

தம்பி, 22 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எந்த மாடல் என்பதை மேலே சொன்னவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்வது, எந்த ஆள் ஓட்டிய வண்டி என்பது. நன்றாக வைத்திருந்த ஸ்விஃப்ட், நாசமாக்கிய போலோவைவிட நூறு மடங்கு இன்பமாக ஓடும். புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர்), ஷாக் அப்சார்பர், இன்ஜின் மவுன்ட் இவை தேய்ந்துபோன வண்டியில் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பிரயோஜனமில்லை.

சென்னையில் வாங்குகிறீர்கள், அதனால் முதலில் தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் நிறைய இருக்கின்றன, கழுவித் துடைத்து சென்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருந்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், டேஷ்போர்டுக்குக் கீழே வயர் கனெக்டர், மூன்றிலும் டார்ச் அடித்துத் துருவும் பச்சையும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்ததும் கண்ணாடி போல பளபளக்கும் இன்ஜின் பகுதியைப் பார்த்து மயங்க வேண்டாம், கொஞ்சம் தூசி இருப்பதுதான் இயல்பு.

அப்புறம் கிலோமீட்டர். மீட்டரில் 45,000 என்று இருக்கும், பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் பளபளப்பாகியிருக்கும். கம்பெனி சர்வீஸில் வண்டி நம்பர் கொடுத்தால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பது தெரிந்துவிடும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எப்படியும் 40,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். டயர் நான்கு, லோயர் ஆர்ம் புஷ், ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு. பழைய காரைப் புதுசு மாதிரி பிடித்து ஓட வைப்பது இந்த நாற்பதாயிரம்தான்.

மூணாவது கியர்

ஸ்பேனர் அண்ணன் சொன்ன டயர் விஷயம் ரொம்ப முக்கியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2118 என்றால் 2018ன் 21வது வாரம் செய்தது. டயர் பட்டன் (மேலே இருக்கும் வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது.

சாந்தி பாலா

பேப்பர் பக்கம் யாரும் வரவில்லை. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தை வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), அந்தப் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் வேண்டும். பரிவாகன் தளத்தில் பழைய அபராதம் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதில் வருகிற நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி) விற்பவருடையது, உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தையும் பட்ஜெட்டில் வையுங்கள். வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைத்தாலும் இங்கே மறுபதிவுக்கு ஆயுள் வரி கட்ட வேண்டியிருக்கும்.

தாம்பரம் கிழக்கு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக ஏழு வண்டி பார்த்தேன். முதலில் பார்த்த ஸ்விஃப்ட்டில் சீட் பெல்ட்டை இழுத்ததும் பாதிக்கு மேல் சேறு. அண்ணா, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

போலோவை ஓட்டினேன், ஆசை தீர ஓட்டினேன், இறங்கிவிட்டேன். ஃபிகோவின் இழுவை இரண்டு பேருக்கும் பிடித்தது, ஆனால் கேம்ப் ரோடு சிக்னலில் இருபது நிமிடம் நின்று நின்று ஓட்டிய பிறகு மனைவி கால் வலிக்கிறது என்றார். பிரியோ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இரண்டு பையும் குழந்தை சைக்கிளும் டிக்கியில் ஏறவில்லை.

கடைசியில் 2016 ஸ்விஃப்ட் இசட்.எக்ஸ்.ஐ. பெட்ரோல். இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். இருக்கிறது. ஒரே ஓனர், ரிட்டயர்டு ஆசிரியர், 61,000 கிலோமீட்டர், ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் ஒரு ஃபைலில் தேதி வாரியாக. மாம்பாக்கம் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தபோது அந்த இன்ஜின் தயங்காமல் மேலே போனது, வளைவில் ஸ்டியரிங் கையில் பேசியது, எனக்கு அதுவே போதும் என்று தோன்றிவிட்டது. டயர் 2018 என்பதைக் காட்டி 15,000 குறைத்தேன், மூன்று எண்பத்தைந்துக்கு முடிந்தது. மீதியில் நாலு டயரும் புஷ்ஷும் சனிக்கிழமை மாற்றுகிறேன். ஸ்பேனர் அண்ணா, வீல் அலைன்மென்ட்டை டயர் மாற்றும் அன்றைக்கே செய்துவிடலாமா, புஷ் மாற்றிய பிறகு தனியாகச் செய்ய வேண்டுமா?

ஸ்பேனர் செட்

முதலில் புஷ், அப்புறம் டயர், கடைசியில் அலைன்மென்ட். ஒரே நாளில் முடித்துவிடலாம் தம்பி. நல்ல வண்டி எடுத்திருக்கிறீர்கள்.